கட்டியங்காரன் கேட்ட கேள்வி

பொன்வேலி நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. தேடாதீர்கள். தேடினால் கிடைத்துவிடும், அப்புறம் எனக்குத்தான் வம்பு.

அந்நாட்டுத் தலைநகரில் ஒரு கூத்துக்களம் இருந்தது. விளக்குக்கு எண்ணெயும் ஆடுவோருக்கு நெல்லும் அரண்மனையிலிருந்து வரும். கூத்தில் ராஜா நினைத்தவுடன் வந்து நின்றுவிட முடியாது. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். கோமாளி வேஷக்காரனான கட்டியங்காரன் வந்து, "யாரய்யா நீங்க? எந்தச் சீமை? குடிகளுக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்பான். பதில் சொன்னால்தான் திரை விலகும்.

மாமன்னர் கனகதுங்கருக்கு ஏழாவது மாளிகை கட்டும் ஆசை வந்தது. நாட்டுக்குச் சிக்கனம் தேவை என்பது உடனே தெரியவந்தது.

நிதி மந்திரி வரகுணர் முதலில் எண்ணெயை நிறுத்தினார். "சூரியன் இலவசமாக எரிகையில் விளக்கு எதற்கு?" என்றார். கூத்து பகலுக்கு மாறியது. பகலில் ஜனங்கள் வயலில் இருந்தார்கள். "பார்க்க ஆளே வருவதில்லை. மக்கள் விரும்பாத கலைக்கு நெல் ஏன்?" என்று மந்திரி மிகுந்த வருத்தத்துடன் நெல்லையும் நிறுத்தினார். மாலையில் போக இடமில்லாமல் வீட்டுக்கு வீடு சண்டை மூண்டது. மந்திரி சண்டை வரி போட்டார். பாவம், அவரும் என்னதான் செய்வார்!

பிறகு ஓர் ஆய்வுக்குழு வந்தது. கட்டியங்காரன் கேள்வி மட்டுமே கேட்கிறான், உற்பத்தி ஏதுமில்லை என்று கண்டுபிடித்தது. அந்த வேஷம் தடை செய்யப்பட்டது. வாழ்நாளெல்லாம் அதைக் கட்டிய சடையாண்டி, சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டுச் செங்கல் சுமக்கப் போனான். மாளிகை வேலைக்குத்தான்.

கடைசியில் களத்தையே யானைக் கொட்டிலாக்க உத்தரவு வந்தது. கூத்து வாத்தியார் அஞ்சலாட்சி அரண்மனைக்கு ஓடினாள்.

"ஐயா, எண்ணெய் வேணாம், நெல்லு வேணாம். களத்த மட்டும் வுட்டுடுங்க. அதுவும் போச்சுன்னா நாங்க எங்க நின்னு ஆடுவோம்?"

"அம்மணி, நாம் மக்கள் கருத்தை மதிப்பவர்கள்" என்றார் மந்திரி. "பௌர்ணமியன்று ஒரு கூத்து போடுங்கள். களம் நிறைந்தால் உங்களுக்கு, நிறையாவிட்டால் யானைக்கு. மன்னரே நேரில் வந்து பார்ப்பார்."

ஊரில் ஆதரவு திரட்ட அவள் ஏறாத படி இல்லை. "அரிசி, பணம் எதுவும் கேக்கல. ஒரு விளக்கக் கொளுத்திக்கிட்டு வந்து ஒக்காருங்க, போதும்" என்றாள்.

பௌர்ணமி மாலை. சண்டை வரி கட்டிய குடும்பங்களெல்லாம், சண்டையை நடுவழியில் நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு விளக்கோடு வந்தன. களத்தில் எள் போட இடமில்லை. முன்வாசல் வழியாக நுழைய முடியாததால், மன்னரைப் பின்வழியாக அழைத்து வந்தார்கள். அங்கே இருவர் திரை பிடித்திருந்தார்கள். அதற்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

கூத்து ராஜா வந்துவிட்டார் என்றே ஜனங்கள் நினைத்தார்கள். ஆனால் கேள்வி கேட்கக் கட்டியங்காரன் இல்லை. கடைசி வரிசையில் சடையாண்டி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேர்க்கடலைக்காரி பொன்னுரங்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"யாரய்யா நீங்க?" என்று கத்தினாள்.

"எந்தச் சீமை?" என்றது ஒரு வரிசை.

"குடிகளுக்கு என்ன செஞ்சீங்க?" என்றது களம் முழுதும்.

சடையாண்டி தேம்பித் தேம்பி அழுதான். அவனிடமிருந்து பிடுங்கிய கேள்வியை ஊரே கேட்டது. அந்த மனிதனுக்கு அதைவிட வேறென்ன சந்தோஷம் வேண்டும்!

திரைக்குப் பின்னால் மன்னர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி ஆய்வுக்குழுவைப் பார்த்தார். மன்னர் கனைத்துக்கொண்டு, "ஏழு மாளிகை கட்டினோம்" என்றார்.

களம் விழுந்து விழுந்து சிரித்தது. "அது ஒங்களுக்கு. எங்களுக்கு என்ன செஞ்சீங்க?"

ராஜா வேஷத்தோடு பக்கத்தில் நின்ற அஞ்சலாட்சிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அவசரமில்ல ராசா. யோசிச்சு சொல்லுங்க. ஜனங்க காத்திருப்பாங்க" என்றாள்.

களம் நிறைந்ததை மந்திரியால் மறுக்க முடியவில்லை. யானைகள் ஏழாவது மாளிகையில் கட்டப்பட்டன. மன்னர் மட்டும் இன்னும் திரைக்குப் பின்னால் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறார். திரை பிடிப்பவர்களுக்குக் கை வலித்தால் ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். ஜனங்கள் எழுந்து போகவில்லை.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், நீங்களும் ஒரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.