வளைவில் நின்ற புள்ளி

மனைவி கெஸியா கிளம்பி வெகு நேரமாகியும் ஜீப் வரைபடத்தில் வரவில்லை. பிரைட்டன் ரேடியோ ஏரியலை ஜன்னல் கம்பியிலிருந்து அவிழ்த்துக் குளியலறைக் கூரைக்குக் கொண்டுபோனான்.

கெஸியா எஸ்டேட் மருந்தகத்தில் நர்ஸ். ஏழாம் மாதம். இந்த மழையிலும் ஜீப்பில் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போகிறாள். அந்த ரோட்டில் செல்போன் எடுக்காது. பிரைட்டனிடம் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. ஜீப்பில் ஒரு பெட்டி வைத்தான். அது தன் இருப்பிடத்தை ரேடியோவில் அடிக்கடி சொல்லும். குன்னூரில் அவன் வீட்டுக் கருவி அதைக் கேட்டு இணைய வரைபடத்தில் ஏற்றும்; கேட்டுவிட்டதாகப் பெட்டிக்குப் பதிலும் அனுப்பும். இன்றுதான் முதல் நாள்.

கூரையில் கட்டியதும் புள்ளி வந்தது. மூச்சு விட்டான். அந்த வரைபடத்தைப் பந்தலூரில் இருக்கும் மாமியாருக்கும் அனுப்பினான். அனுப்பியிருக்கக் கூடாது.

"மாப்பிள்ள, நல்லாத் தெரியுது. ஆனா நகரலியே" என்றார் தபித்தாள் போனில்.

"இப்ப நகரும் அத்தை."

"நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நகரல."

பக்கத்து வீட்டுச் சுகந்தி வாசலில் நின்றாள். "ஏனுங்கண்ணா, உங்க ஏரியல் ஒயரு எங்க கேபிள் மேல உழுந்துருச்சுங்க. டிவி போச்சு."

"சரி பண்றேங்க."

அவள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். "இது எஸ்டேட் ரோட்டு வளைவு தானுங்க? போன மழைக்கு மண்ணு சரிஞ்ச எடம்."

பிரைட்டன் அதை மறந்திருந்தான். இப்போது அதைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

கருவிதான் சிக்கியிருக்க வேண்டும். அணைத்துப் போட்டான். புள்ளி திரும்ப வந்தது, கொஞ்சம் பின்னால், பள்ளத்துப் பக்கமாக.

"மாப்பிள்ள, வண்டி பின்னால போகுது."

கூரைக்கு ஓடி ஏரியலைத் திருப்பினான்.

"இப்ப முன்னால வருது."

இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

"மறுபடியும் பின்னால. வழுக்குது மாப்பிள்ள. ஏதாச்சும் பண்ணுங்க."

எஸ்டேட் ஃபேக்டரி சூப்பர்வைசர் ரவிக்குமாரைக் கூப்பிட்டான். "சார், ஜீப் வளைவுல ஆடிக்கிட்டு நிக்குது."

"யாருங்க பாத்தது?"

"மேப்புல பாத்தேன்."

"மேப்பு ஆடுதுங்களா, வண்டி ஆடுதுங்களா?"

"உள்ள கெஸியா இருக்கா சார்."

"டிராக்டர் அனுப்பறனுங்க. கயிறும் குடுத்துவிடறேன்."

மாமியார் திரும்பக் கூப்பிட்டார். "ஃபயர் சர்வீசுக்குச் சொல்லிட்டேன். பாஸ்டருக்கும் சொல்லிட்டேன். சபையில ஜெபம் ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க இன்னும் ஊட்டுலதான் இருக்கீங்களா?"

பிரைட்டன் மழைக்கோட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். வழியெல்லாம் பள்ளத்தைப் பார்த்தபடி வந்தான். ஆட்டோக்காரர் இரண்டு தடவை, "சார், ரோட்டப் பாருங்க, எனக்கே பயமா இருக்கு" என்றார்.

வளைவில் ஜீப் நின்றது. நான்கு சக்கரமும் தார் ரோட்டில் இருந்தன. முன்சீட்டில் கெஸியா மருந்துப் பையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிரைட்டன் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தான். மூச்சு சீராக இருந்தது.

பின்னால் டிராக்டர் வந்து நின்றது. அதன் பின்னால் தீயணைப்பு வண்டி. அதற்கும் பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

டிரைவர் முத்துவேல் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி வந்தார்.

"வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டான் பிரைட்டன்.

"இல்லீங்க சார். சும்மா ஜம்முன்னு இருக்கு."

"மண்ணு விழுந்துருக்கா?"

"ரோடு சுத்தமா இருக்குதுங்க."

"அப்புறம் ஏங்க இவ்வளவு நேரமா இங்கயே முன்னால பின்னால எடுத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

முத்துவேல் தூங்குகிறவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம்தாங்க நிக்கச் சொன்னாங்க. சிக்னல் உங்க ஊட்டுக்கு வந்தா பெட்டியில பச்ச லைட்டு எரியுமாமுங்க, இந்த வளைவத் தாண்டுனா அணைஞ்சு போகுது, இங்கயும் அப்பப்ப அணையுது, வண்டிய முன்ன பின்ன நகத்துனாத்தான் எரியுது, அணைஞ்சா நீங்க பயந்துருவீங்களாமுங்க."