செம்பிக்குப் பிடித்த பெட்டி

செம்பி இன்றைக்கும் சோற்றைத் தொடவில்லை.

கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. அதை முகர்ந்துகூடப் பார்க்காமல், வாசலில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு துண்டு, அதுக்கு ரெண்டு துண்டா?" என்றான் சடையப்பன்.

"நீங்கதான விருந்தாளி மாதிரி தூக்கியாந்தீங்க? விருந்தாளி மொகத்தத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருக்குது பாருங்க," என்றாள் அவன் மனைவி அமிர்தம். "ஞாயித்துக்கெழமைக்குள்ள இது வூட்டு நாயா மாறணும். இல்லாட்டி கொண்டாந்த எடத்துலயே வுட்டுடுங்க."

"அங்க வுட்டா கொன்னுடுவாங்க அமிர்தம்."

"அதனாலதான் ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கறேன்."

சடையப்பன் கவலைப்படவில்லை. சிதம்பரத்திலிருந்து அண்ணாமலை நகர் போகும் சாலையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் அவன். கடகடவென்று சத்தம் போடும் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினால் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டான். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பான். சத்தம் சக்கரம் சுற்றும்போதெல்லாம் வருகிறதா, பெடலை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா என்று பிரித்துவிட்டால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். நாயும் அப்படித்தான் என்பது அவன் நம்பிக்கை.

செம்பியை அவன் கண்டது கடலூரில். டயர் வாங்கப் போன இடத்தில், ஓரமாக நாய் பிடிக்கும் வண்டி நின்றது. வண்டிக்காரன் எதிரே டீக்கடையில் இருந்தான். சடையப்பன் முதலில் பார்த்தது நாயை அல்ல, கூண்டின் கதவை. மேல்பக்கம் கீல், கீழே வெளிப்புறமாக ஒரு தடுப்புக் கட்டை. வெளியிலிருந்து முட்டினால் கதவு உள்ளே போகும். உள்ளேயிருந்து முட்டினால் கட்டையில் இடித்து நின்றுவிடும். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி, ஒரு பக்கம்தான் வேலை செய்யும். செய்த தச்சனை மனதுக்குள் பாராட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உள்ளே தனியாக இருந்த செம்பட்டை நாய் கண்ணில் பட்டது. அது குரைக்கவில்லை, முட்டவில்லை. கூண்டின் மூலையில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

சாகப் போகிற ஜீவனுக்கு இத்தனை பொறுமையா! சடையப்பனுக்கு நெஞ்சு உருகிவிட்டது. கட்டையைத் தூக்கி, நாயைத் துண்டில் சுற்றி, டயரைக்கூட வாங்காமல் பஸ்ஸுக்கு ஓடினான். சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் காசிம் அவனுடைய சிநேகிதன்தான்.

"என்னா மச்சான், சீமந்தத்துக்குப் புள்ளத்தாச்சியக் கூட்டிப் போற மாதிரி அணைச்சிக்கிட்டு வர்ற?" என்று கேட்டுவிட்டுக் கடைசி சீட்டை ஒழித்துக் கொடுத்தான்.

அன்று வந்ததிலிருந்து செம்பி வீட்டுக்குள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கட்டிலுக்கடியில் பழைய போர்வையை விரித்துப் பார்த்தான். கொல்லையில் வைக்கோல் பரப்பிப் பார்த்தான். தன் சட்டையைப் போட்டுப் பழக்கினான். செம்பி சட்டையைத் தாண்டிப் போனது.

கோளாறு எதிர்பாராமல்தான் பிடிபட்டது. கடைக்கு அழைத்துப் போயிருந்தான். உதிரி பாகங்கள் வந்த பலகைப் பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு அடித்த பெட்டி. செம்பி நேரே போய் அதற்குள் ஏறி, மூலையில் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் வைத்த பன்னை இரண்டே கடியில் விழுங்கியது.

சடையப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"கண்டுபுடிச்சிட்டேன்! நாய்க்கு ஆதியில வூடு எது? பொந்து. மூணு பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் மட்டும் வழி. அந்த ஒரு பக்கத்தப் பாத்துக்கிட்டாப் போதும், முதுகுக்குப் பயமில்ல. நம்ம வூட்ல எத்தினி கதவு, எத்தினி சன்னல்! அது எதைன்னு காவல் காக்கும்?"

"எனக்கும்தான் முதுகு வலிக்குது. எனக்கொரு பொட்டி அடிச்சிக் குடுங்க," என்றாள் அமிர்தம். ஆனாலும் செம்பி பெட்டிக்குள் தட்டை வழித்து நக்கியதைப் பார்த்து அவள் முகம் கொஞ்சம் இளகியது.

அத்தோடு விட்டிருக்கலாம். செம்பி தெருவுக்கு ஓடி யார் கண்ணிலாவது பட்டுவிடக் கூடாதே என்று சடையப்பன் பெட்டிக்கு ஒரு கதவும் போட்டான். கடலூரில் பார்த்த அதே மாதிரிக் கதவு: நாய் தன் இஷ்டத்துக்கு உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. கதவு பூனை கணக்காகச் சத்தமில்லாமல் ஆடியது.

மறுநாள் விடியற்காலையில் பெட்டிக்குள்ளிருந்து செம்பி ஒரு குரல் கொடுத்தது. குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. பந்தியில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரி இழுத்து இழுத்து ஒரு குரல்.

கோலம் போட வந்த அமிர்தம் அலறினாள். "ஏங்க! ராத்திரி ஒரு நாயிதான இருந்துது? இப்ப நாலு இருக்குது!"

மூன்று தெருநாய்கள் கதவை முட்டி உள்ளே போய், வர வழியில்லாமல் நின்றன. நடுவில் செம்பி, முதல் மார்க் வாங்கிய பிள்ளை அப்பனைப் பார்ப்பதுபோல் சடையப்பனைப் பார்த்து வாலாட்டியது.

"பாத்தியா? புது நாயிங்களோட சண்ட போடல. எவ்ளோ நல்ல கொணம்!" என்றான் சடையப்பன். "நல்லது செஞ்ச ஒடனே திங்கக் குடுக்கணும். நேரம் கழிச்சிக் குடுத்தா எதுக்குக் குடுத்தோம்னு அதுக்கு வெளங்காது." உடனே ஒரு பன்னைக் கொடுத்தான்.

அது செம்பிக்கு நன்றாகவே விளங்கியது. மறுநாள் பெட்டியில் இடம் போதாமல் நாய்கள் வாசலில் வரிசையாகப் படுத்திருந்தன. சடையப்பன் இன்னொரு பன் கொடுத்தான். அதற்கடுத்த நாள் பால்காரர் தெருவுக்குள் வர மறுத்துவிட்டார்.

அடுத்த வீட்டு ராமாமிர்தம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் நின்றார். "என்னாப்பா, நாய்க்குக் கல்யாணம் பண்றியா? என் வூட்டு வாசப்படியில சம்பந்தி வூட்டாரு ஏழெட்டுப் பேரு படுத்திருக்காங்க!"

"பழகிக்கிட்டு இருக்குதுங்க மாமா. ரெண்டு நாள்ல செரியாயிடும்."

"சாயந்தரத்துக்குள்ள செரியாவலன்னா நான் முனிசிபாலிட்டிக்குப் போயிடுவேன், ஆமா."

முனிசிபாலிட்டி என்றால் நாய் வண்டிதான் வரும். அந்த நேரம் பார்த்துக் காசிம் வேறு வந்து சேர்ந்தான்.

"மச்சான், கடலூர்ல அந்த நாய் வண்டிக்காரன் பஸ் ஸ்டாண்டுல ஒவ்வொரு கண்டக்டரா புடிச்சி விசாரிக்கிறான். செம்பட்ட நாயி, செம்பட்ட நாயின்னு அழுவாத கொறைதான். நான் வாயத் தொறக்கல."

"ஒத்த நாயக் கொல்றதுக்கு இவ்ளோ வெறியா?" என்றான் சடையப்பன். "எத்தினி நாயி ரோட்ல திரியுது! அதையெல்லாம் வுட்டுட்டு இதையே தேடறான்னா அவன் மனுசனா?"

அமிர்தம் செம்பியைப் பார்த்தாள். செம்பி அவள் காலடியில் தலையை வைத்தது. "ஞாயித்துக்கெழமன்னு சொன்னதெல்லாம் இருக்கட்டும்," என்றாள் மெதுவாக. "மொதல்ல இத எங்கனா மறைங்க."

கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் சரியான இடம். ஆனால் பெட்டி இல்லாமல் செம்பி அங்கே தங்காது. சடையப்பன் யோசித்தது சிறிது நேரம்தான். பாரத்தைத் தூக்கினால் முழுக் கனமும் கைக்கு; சக்கரத்தில் வைத்தால் கனம் தரைக்குப் போய்விடும், கைக்கு உருட்டும் வேலை மட்டும். இரண்டு பழைய சைக்கிள் சக்கரங்களை ஒரு இரும்புக் கம்பியில் கோத்துப் பெட்டிக்கடியில் பூட்டினான். முன்னால் இழுக்க ஒரு மூங்கில். கதவை அண்டை கொடுத்துத் திறந்து வைத்தான்.

செம்பி ஒரே தாவில் ஏறியது. வண்டி நகர்ந்ததும் அதற்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. காதை நிமிர்த்திக்கொண்டு, பலகை இடைவெளியில் மூக்கை நீட்டி, அந்தக் குரலைக் கொடுத்தது.

அறுபத்தேழாம் வருஷத் தேர்தல் போஸ்டர்கள் இன்னும் உரியாத கீழவீதியில் அவர்கள் திரும்பியபோது பின்னால் தெருநாய்கள் ஊர்வலமாக வந்தன. பலகாரக் கடைக்கு அடியில் படுத்திருந்தவை, சந்தில் கிடந்தவை எல்லாம் எழுந்து சேர்ந்துகொண்டன. "எந்தக் கட்சி அண்ணே?" என்று சைக்கிளில் போன காலேஜ் மாணவர்கள் கத்தினார்கள்.

"வேகமா இழுங்க!" என்றாள் பின்னால் தள்ளிக்கொண்டு வந்த அமிர்தம்.

"வேகமா இழுத்தா அது இன்னும் சத்தமாக் கூப்புடுது!"

"அப்போ மெதுவா இழுங்க!"

"மெதுவா இழுத்தா இதுங்கல்லாம் வந்து ஏறுதே!"

எதிரே ஒரு வண்டி வந்து நின்றது. சிதம்பரம் நாய் வண்டி. அதன் பக்கத்தில் ராமாமிர்தம், "நான் சொல்லல?" என்று கை நீட்டிக்கொண்டிருந்தார். சுருக்குக் கயிற்றோடு முன்னால் வந்த வண்டிக்காரன் ஆண்டி, தன் வண்டியைப் பார்த்தான், சடையப்பன் வண்டியைப் பார்த்தான், பின்னால் நின்ற நாய்க் கூட்டத்தைப் பார்த்தான்.

"என்னாங்க இது, நம்ம பொழப்புல மண்ணப் போடற மாதிரி போட்டி வண்டி வுட்டிருக்கீங்க?"

சடையப்பன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான். "ஆண்டி, என்னையப் புடிச்சிக்கிட்டுப் போ. கடலூர்ல கூண்டத் தொறந்து திருடியாந்தது நான்தான். போலீஸ்ல வேணாலும் சொல்லு. இந்த நாய மட்டும் தொடாத. இத்தினி நாளா இதுக்கு ஒரு வூடு குடுக்கத்தான் நாயா அலைஞ்சிருக்கேன்."

அவன் பேசி முடிக்கவில்லை. அவன் காலிடுக்கில் புகுந்த செம்பி, ஆண்டியின் வண்டியை நோக்கிப் பாய்ந்தது. கதவை முட்டிக்கொண்டு உள்ளே ஏறி, மூலையில் போய் அமைதியாக உட்கார்ந்து, ஆனந்தமாகக் குரல் கொடுத்தது.

"ஐயோ, என் செம்பி!" என்று அமிர்தம் ஓடினாள். தெருநாய்களும் ஓடி வந்தன. "ஏறாதீங்க! சாவறதுக்கா போறீங்க? ஓடுங்க!" முந்தானையைச் சுழற்றி அவள் விரட்டிய விரட்டில் அவை சந்துக்கு ஒன்றாகச் சிதறின.

சடையப்பன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான். "கொன்னுடாத ஆண்டி!"

ஆண்டி சுருக்குக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, செம்பியைப் பார்த்து மேலதிகாரிக்கு வைப்பதுபோல் ஒரு கும்பிடு போட்டான்.

"இத யாருங்க கொல்லுவா? கடலூரு வண்டியில தெனம் ஒக்காந்து மத்த நாயிங்களக் கூப்புட்டு ஏத்தறதே இதுதான். நீங்க தூக்கியாந்ததுலேர்ந்து அந்த ஊர்ல ஒரு நாயிகூட மாட்டலியாம்!"