நாற்பத்து மூன்றில் நாற்பத்தொன்று

நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும். வரிசை மாறினால் ஒரு மனிதனின் கதி என்னவாகும் என்பதுதான் கதையே.

முதலாவது, ஊரில் திருட்டு பெருத்துப்போனது. இரண்டாவது, திருடனைப் பிடிக்கச் சொல்லி மக்கள் மனுக் கொடுத்தார்கள். துறை அதைக் கவனமாகப் படித்து, மக்களைக் கண்காணிப்பது என்று முடிவெடுத்தது. மூன்றாவது, ஒரு பாதுகாப்புச் செயலியை எல்லோரும் போனில் ஏற்றியாக வேண்டும் என்று ஆணை வந்தது. போன் எந்த வீட்டுக்குள் போனாலும் அது தலைமையகத்து இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். வட்டார விசாரணை அதிகாரி மக்களுக்கு முன்மாதிரியாகத் தன் சொந்தப் போனில் முதல் ஆளாக ஏற்றி, போட்டோவும் எடுத்துக்கொண்டார். நான்காவது, இதை எதிர்த்துத் தெருமுனையில் துண்டறிக்கை கொடுத்த நாலு பேரை ஊரே பைத்தியம் என்றது. "மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்டு, அந்தத் துண்டறிக்கையிலேயே சாவி மடித்துக் கொடுத்தவர் நம் பூட்டுக்காரர். ஐந்தாவது அநியாயம் அவருக்கே நடந்தது. ஆகவே அது ஒன்றுதான் அவர் கண்ணுக்கு அநியாயமாகத் தெரிந்தது.

அது ஒரு கடிதமாக வந்தது. 'தாங்கள் வட்டாரத் தரவரிசையில் இரண்டாம் இடம் பெற்றுள்ளீர்கள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். நேரில் வரவும்.'

"என்ன போட்டிக்குப் போனீங்க?" என்றாள் மனைவி.

"எதுக்கும் போகலையே. வேலை சுத்தமா இருந்தா தானாக் கவனிப்பாங்க போல."

தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, நகக்கண்ணில் இருந்த பித்தளைத் தூளைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார். கோப்பைப் பிரித்தார்.

"இந்த வருஷம் நாற்பத்து மூணு திருட்டு. அதுல நாற்பத்தொரு வீட்டுல, திருட்டு நடந்த அதே தேதியில, உங்க போன் இருந்திருக்கு."

"ஆமா சார். பூட்டை உடைச்சிட்டுப் போனா என்னைத்தானே கூப்பிடுவாங்க? புதுப் பூட்டு போடப் போனேன்."

"போனதை ஒத்துக்கிறீங்க." எழுதிக்கொண்டார்.

"திருடன் போன பிறகு போனேன் சார்!"

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"நேரத்தைப் பாருங்க. அவன் விடிகாலையில வந்திருப்பான், நான் பத்து மணிக்குப் போயிருப்பேன்."

அதிகாரியின் முகத்தில் ஒரு புனிதம் படர்ந்தது. "இயந்திரம் தேதியை மட்டும்தான் குறிக்கும். நேரத்தையும் குறிச்சா, அது குடிமக்களோட அந்தரங்கத்துல மூக்கை நுழைக்கிறதா ஆயிடும். நம்ம துறை அந்த மாதிரிக் கேவலமான வேலை செய்யாது."

"சார், நீங்களே என்னை அங்க பார்த்திருக்கீங்களே!"

"பார்த்தேன். விசாரணைக்குப் போன இடத்துல எல்லாம் நீங்க கதவுப் பக்கத்துல முட்டி போட்டு உட்கார்ந்திருப்பீங்க. அதையும் சேர்த்துக்கிறேன். கண்கண்ட சாட்சி." அதையும் எழுதினார். "மீதி ரெண்டு வீடு?"

"அவங்க என்னைக் கூப்பிடல. அவங்களாவே ஏதோ பூட்டு போட்டுக்கிட்டாங்க."

"அதாவது அங்க மட்டும் வேற ஆளை அனுப்பினீங்க."

அதிகாரி மேஜை டிராயரிலிருந்து அரக்கு வைத்த உறை ஒன்றை எடுத்து, தூசி தட்டி, மேலே வைத்தார்.

"உங்களை விடுங்க. நீங்க ரெண்டாவதுதான். முதல் ஆள் ஒருத்தன் இருக்கான். நாற்பத்து மூணுல நாற்பத்து மூணு. ஒரு வீடு விடல!" குரலில் கொஞ்சம் பெருமிதம்கூட இருந்தது. "பேர் இந்த உறைக்குள்ள. விதிப்படி நானே பிரிக்க முடியாது. தலைமையகம் அவன் வீட்டுக்கு நேரடியா மூணு நோட்டீஸ் அனுப்பிச்சுது. மூணும் வாங்க ஆளில்லாமத் திரும்பி வந்திருக்கு. பேரை மறைச்சு அனுப்பின தாள்ல 'தலைமறைவு'ன்னு நானே கையெழுத்துப் போட்டேன். குடும்பத்தை ஊருக்கு அனுப்பிட்டு, மூணு வாரமா வீட்டுப் பக்கமே போகாம, இந்த பெஞ்சுலயே படுத்து அவனைத் தேடுறேன். யாரு உன் தலைவன்?"

'நீங்க' அங்கேயே காலமாகிவிட்டது.

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"நாற்பத்தொரு வீட்டுல அவன்கூடவே இருந்திருக்க. தெரியாதா? வெள்ளிக்கிழமைக்குள்ள பேரைச் சொல்லு, உன்னை விட்டுடறேன். இல்லைன்னா கடைக்கு சீல், உனக்கு ஏழு வருஷம்."

பூட்டுக்காரர் தெருவுக்குத் திரும்புவதற்குள் சேதி முந்திக்கொண்டது. பேப்பர்காரர் வாசலுக்கு வராமல் நடுத்தெருவில் நின்றபடியே பேப்பரை வீசிவிட்டுப் போனார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மட்டும் கடைக்கே வந்தாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களால திறக்க முடியாத பூட்டா ஒண்ணு போட்டுக் குடுங்க."

"அதையும் நான்தானேம்மா போடணும்?"

"ஆமா, உங்களை விட்டா இங்க யாரு இருக்கா? ஆனா சாவியைப் பார்க்காம அராவுங்க."

இருபத்தாறு வருடமாக இந்தத் தெருவின் ஒவ்வொரு சாவியும் அவர் கைப்பட்டது. யார் வீட்டுக் கதவு மழைக்கு இறுகும் என்பதுவரை அவருக்குத் தெரியும். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கைக்கு வந்தபடி அரம் போட்டார். விரல்தான் அரைபட்டது. தையல்காரம்மா அதைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, சாவியை முந்தானையில் மறைத்து எடுத்துப் போனாள்.

மனைவி காயத்துக்குக் கட்டுப் போட்டபடி, அவருக்கு வந்த கடிதத்தைத் திருப்பினாள்.

"என்னங்க, இதைப் படிச்சீங்களா?"

"பின்பக்கத்தை யாருடி படிப்பா?"

"அதனாலதான் பின்பக்கத்துல போட்டிருக்காங்க. விதி பதினேழு. சந்தேகத்துக்கு உள்ளானவர் எழுதிக் கேட்டா, முழுப் பட்டியலையும் சாட்சிகள் முன்னால, கீழிருந்து மேல, உரக்க வாசிக்கணுமாம். தலைவன் பேரைத்தானே கேட்கிறாரு? அவரே வாசிக்கட்டும்."

அதிகாரிக்கு மனுவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இந்த உறையைப் பிரிக்க ஒரு மனு வராதா என்று ஏங்கிக் கிடந்தவர் அவர். வெள்ளிக்கிழமை காலை விறைப்பான சீருடையில், இரண்டு காவலர்களும் இரண்டு ஜோடி விலங்குமாகக் கடை வாசலுக்கே வந்தார். சாட்சிக்குப் பஞ்சமில்லை. பூட்டுக்காரர் மாட்டிக்கொள்வதைப் பார்க்கத் தெருவே திரண்டிருந்தது.

"மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம்? வாசிங்க சார்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பழைய வழக்கத்தில் பூட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார்.

அரக்கு உடைந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக மேலேறின. ஒன்பது வீடு என்று வந்தபோது, அது தையல்காரம்மாவின் பெயராக இருந்தது.

"ஐயோ, பறிகொடுத்தவங்களுக்கு ஆறுதல் சொல்லப் போனேன்யா!"

"போனதை ஒத்துக்கிறீங்க." கை தானாகக் குறித்துக்கொண்டது.

இருபத்திரண்டு வீடு, பேப்பர்காரர். "பேப்பர் போடப் போகாம பின்ன எதுக்குப் போவேன்?" என்று கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் அவரிடமிருந்து ஓரடி விலகி நின்றார்கள். அடுத்து விலகிய ஒருவரின் பெயர் வந்தது. அதற்கடுத்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் தெருவில் யார் பக்கத்திலும் யாரும் நிற்கவில்லை. போன்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நாற்பத்தொன்று வந்தது. பூட்டுக்காரரின் பெயரைக் கேட்டு ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர் மனைவி சாட்சிக் கையெழுத்துக்காகப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டாள்.

"முதலிடம்!" அதிகாரி நெஞ்சை நிமிர்த்தினார். காவலர்களைப் பார்த்து விலங்கைத் தயாராக வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். "நாற்பத்து மூன்றில் நாற்பத்து மூன்று. தற்போதைய நிலை: தலைமறைவு. பெயர்..."

வாசிப்பு வேகத்தில் நாக்கு கண்ணை முந்திவிட்டது. சாட்சிகள் அத்தனை பேரும் கேட்கும்படி, தெளிவாக, உரக்க, தன் சட்டைப் பைக்கு மேல் பித்தளை எழுத்தில் குத்தியிருந்த பெயரை அதிகாரி வாசித்து முடித்தார்.