அறுபது போனால் அறுபது வர வேண்டும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதுவது மரியாதை என்பதால் எழுதுகிறேன். அங்கு நீங்கள், அக்கா, பிள்ளைகள், மூன்று நாளாக உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி எல்லோரும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். போன் செய்தால் அவள்தான் எடுப்பாள் என்பதால் கடிதம். இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவள் நடந்ததில் பாதியைத்தான் சொல்லியிருப்பாள். மீதியை நான் எழுதுகிறேன். படித்துவிட்டு நியாயத்தைச் சொல்லி, அவளைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள். என் சமையலை நானே சாப்பிடும் தண்டனை மூன்று நாளைக்கு மேல் ஆகாது.

போன மாதம் ஒரு சாயங்காலம், "ஏங்க, வெளிச்சம் பத்தலைங்க" என்றாள். அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கைக் கட்டிக் காத்தவன் நான். கிடங்கில் ஒரே சட்டம், பழையதைக் கொடுத்தால்தான் புதியது, அதே அளவு, அதே எண்ணிக்கை. உடனே நோட்டை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து, எங்கெல்லாம் குண்டு பல்பு இருக்கிறதோ அதையெல்லாம் குறித்து, மொத்தம் ஏழு, ஏழும் அறுபது வாட்டு என்று முடித்து, எலக்ட்ரிக் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "எல்.இ.டி.யில அறுபது வாட்டா? வீட்டுக்கா, விளையாட்டு மைதானத்துக்கா? ஒம்பது வாட்டே பழைய அறுபது அளவுக்கு வெளிச்சம் குடுக்கும் சார்" என்றார். ஒன்பதாம்! அறுபது கேட்டால் ஒன்பதைத் தள்ளிவிடப் பார்த்த எத்தனை பேரைக் கிடங்கு வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்! "அறுபது போனா அறுபது வரணும்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு உள்ளே போய், சின்னப் பூசணிக்காய் அளவில் ஏழு வெள்ளை பல்புகளைத் தூக்கிவந்தார்.

சமையலறையில் சுவிட்சைப் போட்டதும் உங்கள் தங்கை முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லத் திறந்தவள் அலமாரிக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து, "அடக் கடவுளே, இத்தனை வருஷம் இந்த அழுக்கோடவா குடித்தனம் பண்ணேன்?" என்று நாலு நாள் தேய்த்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். எதிர்வீட்டு வாத்தியார் வந்து, "சார், உங்க வெளிச்சத்துலயே பரீட்சைப் பேப்பர் எல்லாம் திருத்திட்டேன், ரொம்ப நன்றி. இனிமே தூங்கணும், கொஞ்சம் அணைக்கிறீங்களா?" என்று கும்பிட்டார்.

சரி என்று எல்லாவற்றையும் ஒன்பது வாட்டாக மாற்றினேன். வெள்ளையா மஞ்சளா என்று கடைக்காரர் கேட்டார். பழையது மஞ்சள், ஆகவே மஞ்சள். ஒரு வாரம் அந்த வெள்ளை வெளிச்சத்தில் பழகிய கண்ணல்லவா, குளியலறைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தவள், "ஐயோ, எனக்குக் காமாலைங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் ஓடினோம். அவர் ஜன்னலோரம் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்து, "உடம்புக்கு ஒண்ணுமில்லைம்மா, வீட்டுல புதுசா லைட் மாத்தினீங்களா?" என்றார். அன்றோடு ஏழும் வெள்ளையாயின. பார்த்தால் படுக்கையறை விளக்கு, சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கிக்கொண்டே இருந்தது. "பேச்சை நிறுத்துங்கன்னா நிறுத்தாத உங்களை மாதிரியே இருக்கு" என்றாள். எலக்ட்ரீஷியன் வந்து, "சுவிட்சுல இந்தச் சின்ன சிவப்பு விளக்கு இருக்கு பாருங்க, அது வழியா துளி கரண்ட் போகுது. இந்த ஒரு சுவிட்சை மாத்தினா போதும்" என்றார். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற ஆறும் வேறு ரகமாகிவிடாதா? ஏழு சுவிட்சையும் மாற்றச் சொன்னேன். புது சுவிட்சுக்குப் பெட்டி பெரிதாம், சுவரைக் கொத்தினார்கள். துவைத்து மடித்த துணி, மெத்தை, தலையணை எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் கனத்துக்குச் சிமெண்டுத் தூசி. அவள் பரணிலிருந்து இரண்டு பெட்டியை இறக்கினாள்.

இப்போது தூசி துடைத்தாயிற்று. ஏழும் ஒழுங்காக எரிகின்றன, அணைத்தால் அணைகின்றன. வெளிச்சம் இருந்து என்ன, வீட்டில் ஆள் இல்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை மச்சான். இதை அவளிடம் சொல்லாதீர்கள். வாய் தவறிச் சொன்னால், நீங்களாக நினைத்துக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் கண்ணும் கருத்துமாகப் படித்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
ஏழு விளக்குக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும்
உங்கள் தங்கை வீட்டுக்காரன்.

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், அவளே போன் செய்தாள். ஏழும் முடிந்தது என்றேன். "என் தையல் மெஷினுக்கு மேல?" என்று கேட்டாள். அங்கே பழைய பல்பே கிடையாது, அதனால் பட்டியலில் வரவில்லை என்றேன். "அங்கதாங்க வெளிச்சம் பத்தலைன்னு சொல்ல வந்தேன். ஊசியில நூல் கோக்க முடியலை. அந்த ஒரு இடத்துக்குத்தான் கேட்டேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள கிளம்பிட்டீங்க" என்றாள். ஆகவே மச்சான், மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். நியாயமும் சொல்ல வேண்டாம், அவளை அனுப்பவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். விளக்கு எந்த உயரத்தில், எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்று அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயை மூடுங்கள்.