எஃப், பி, இஸட், டபிள்யூ

"முடிவுகள் எதுவும் இல்லை" என்று கணினி ஐந்தாவது முறையாகச் சொன்னதையும் கிறகரி நம்பவில்லை. அதே சொல்லை, அதே பெட்டியில், இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினார். அழுத்தித் தட்டினால் மின்னஞ்சல் மென்பொருள் பயப்படும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மீள்குடியேறிய ஊர்களில் கிணறும் கழிப்பறையும் கட்டிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் மன்னார்க் கந்தோரில் கிறகரி திட்ட அலுவலர். அன்று காலை கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து சிவப்பு ஆச்சரியக்குறியோடு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதன் ஆங்கிலத்தைத் தமிழாக்கினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"கொண்டச்சிக் கிணறு மூல அமைவிடத்திலிருந்து விலகியமைக்கு, தகுதிவாய்ந்த அதிகாரியின் எழுத்துமூல இணக்கப்பாட்டை நிறுவும் ஆவணச் சான்று கோரப்பட்டுள்ளது. இன்று மாலை நான்கு மணிக்குள் சமர்ப்பிக்கப்படாவிடின், மேற்படி கிணறு அனுமதியற்ற நிர்மாணமாகக் கருதப்படும்."

தமிழையும் தமிழாக்கினால்: கிணற்றை வேறு இடத்தில் வெட்டச் சொன்னது யார்?

பதில் சுலபமானது. முதலில் குறித்த இடத்தில் தண்ணீர் உப்பு. கடலிலிருந்து கிழக்கே தள்ளி வெட்டலாம் என்று அப்போதைய முகாமையாளர் மின்னஞ்சலில் அனுமதி கொடுத்தார். பிறகு அவர் கனடாவுக்குப் போய்விட்டார். அந்த மடலைக் கிறகரி தன் கண்ணால் பார்த்தவர். ஆனால் கண்ணை ஸ்கான் பண்ணி கொழும்புக்கு அனுப்ப முடியாது. மார்ச் மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. அனுமதியில்லாமல் கிணறு வெட்டியவருக்கு எந்த நிறுவனமும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுப்பதில்லை.

"அஸ்ஸலாமு... ஆ, சேர், வணக்கம்" என்று கதவைத் திறந்துகொண்டு சனூன் உள்ளே வந்தார். கொண்டச்சிக் கிணற்றுக் குழுவின் தலைவர். இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். காத்திருப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. கிறகரி அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார். வழமையான கதிரையில் வழமைபோல் உட்கார்ந்தார்.

"எங்கட மோட்டர் என்னாச்சு சேர்?"

"நானா, மின்சாரக் கந்தோருக்குக் குடுக்கிற காகிதத்தைக் கொழும்பிட்டக் கேட்டிருக்கிறன். டிசம்பரில நத்தார் வாழ்த்துக்குப் பதில் போடேக்கையே கேட்டனான். இன்னும் வரேல்லை."

"நத்தார் போய் பெப்ரவரியும் முடியப்போகுது சேர். லைன் இழுக்கிற ஆக்கள் இந்தக் கிழமையோட சிலாவத்துறையை விட்டுப் போறாங்க. காகிதம் இல்லாட்டிக் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாட்டி மோட்டர் இல்லை. பொம்புளையள் வாளி போட்டு இழுத்துக் கையெல்லாம் காய்ச்சுப்போச்சு."

"விளங்குது. ஆனா இண்டைக்கு இதைவிடப் பெரிய அலுவல் ஒண்டு. உங்கட கிணத்துக்கே ஆபத்து. இணக்கப்பாட்டு ஆவணச் சான்று கேட்டிருக்கினம்."

"அதும் எங்கட கிணத்துக் காகிதந்தானே சேர்?"

"கிணறு ஒண்டுதான் நானா. காகிதம் வேற."

சனூன் தலையாட்டினார். கந்தோர்க்காரர்களின் காகிதங்களை ஒன்றுக்கொன்று முடிச்சுப்போடும் பழக்கத்தை அவர் புத்தளத்திலேயே விட்டிருந்தார்.

கிறகரி ஏழாவது முறையாகத் தேடினார். கொண்டச்சியை ஆங்கிலத்தில் எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. சி எச் ஒரு தடவையா, இரண்டு தடவையா? கடைசி எழுத்து 'ஐ'யா, 'வை'யா? எழுதியவரின் மனநிலையைப் பொறுத்து அது மாறும். நமக்கு அத்தனையும் ஒரே ஊர். கணினிக்கு ஒவ்வொன்றும் தனித்தனி ஊர். அதில் ஒன்றுக்குக்கூட அதனிடம் கிணறு இல்லை.

"அண்ணா, நீங்கள் திறந்து வச்சிருக்கிற பெட்டிக்குள்ள மட்டுந்தான் அது தேடுது" என்றாள் பக்கத்து மேசை ஜெனிஸ்ரா. கந்தோரின் கணக்காளர். "எல்லாப் பெட்டியும் எண்டதை அமத்துங்கோ."

அமத்தினார். "அட்டவணை இன்னும் பூர்த்தியாகவில்லை" என்று பதில் வந்தது.

இது மிக அழகான ஏற்பாடு. அவசியம் விளக்க வேண்டும். நாம் தேடும்போது மென்பொருள் எல்லா மடல்களையும் வாசிப்பதில்லை. முன்கூட்டியே வாசித்து, எந்தச் சொல் எந்த மடலில் இருக்கிறது என்று தனக்கென்று ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளும். தேடும்போது அட்டவணையை மட்டும் பார்க்கும். அதனால்தான் அத்தனை வேகம். நல்ல குணமும் உண்டு: நம்மைக் குழப்பக்கூடாது என்று, யாரும் கணினியைத் தொடாத நேரம் பார்த்துத்தான் அட்டவணை போடும். ஆனால் யாரும் தொடாத நேரத்தில் கணினியை நிறுத்திவிட வேண்டும் என்பது மின்சாரத்தைச் சேமிக்கத் தலைமைக் கந்தோர் போட்ட உத்தரவு. ஆக, கிறகரியின் கணினி மூன்று வருடமாக அட்டவணை போட நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"'மீளக் கட்டு' எண்டு ஒரு பட்டன் கிடக்கு" என்றார் கிறகரி.

"அமத்தாதேங்கோ அண்ணா!"

மீளக் கட்டுவது என்றால் என்ன என்று மீள்குடியேற்றத்தில் வேலை செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருப்பதை முதலில் இடிப்பார்கள். அரைகுறையாக இருந்த அட்டவணையும் அழிந்தது. இப்போது அன்று காலை வந்த மடலைக்கூடக் கணினிக்குத் தெரியவில்லை.

"கிணத்துக்குள்ள விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டு எடுத்திருவம் சேர்" என்றார் சனூன். "இதுக்குள்ள கிணறே விழுந்துபோச்சே, இதுக்கு என்ன கரண்டி?"

"நானா, கொஞ்சம் சும்மா இருங்கோ."

சனூன் சும்மாதான் இருந்தார். சும்மா இருப்பதுதான் அவர் வந்த வேலை.

தேடுவதைவிடக் கேட்பது சுலபம் என்பது கிறகரியின் நெடுநாள் கொள்கை. நாட்டிலுள்ள எல்லாக் கிளைகளுக்கும் ஒரே மடலில் எழுதினார்: "கொண்டச்சிக் கிணற்று அனுமதி மடல் யாரிடமாவது இருக்கிறதா? அவசரம்."

வவுனியா, இல்லை என்று எல்லோருக்கும் பதில் போட்டது. திருகோணமலையும் இல்லை என்றது. மட்டக்களப்பு "எந்தக் கிணறு?" என்று கேட்டது. மட்டக்களப்புக்கு அது எந்தக் கிணறு என்று வவுனியா விளக்கியது, பிழையாக. "தயவுசெய்து எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்" என்று அம்பாறையிலிருந்து ஒருவர் எல்லோருக்கும் பதில் போட்டார். அவருக்கு நன்றி சொல்லிப் பலர் எல்லோருக்கும் பதில் போட்டார்கள்.

இதற்கிடையில் அட்டவணை கொஞ்சம் வளர்ந்துவிட்டது. கிறகரி "கொண்டச்சி" என்று தேடினார். இந்த முறை முடிவுகள் பக்கம் பக்கமாகக் கொட்டின. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். வவுனியா, இல்லை. திருகோணமலை, இல்லை. மட்டக்களப்பு, எந்தக் கிணறு. புதியதைத்தான் அட்டவணை முதலில் எடுத்துக்கொள்ளும். ஆகவே "மடலைக் காணவில்லை" என்ற மடல்களை மட்டும் அது வெகு திறமையாகக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

ஒவ்வொரு "இல்லை"யின் அடியிலும் நிறுவனத்தின் வண்ண இலச்சினை இருந்தது. மரங்களைக் காப்போம், இதை அச்சிடாதீர்கள் என்று பச்சை வாசகமும் மரத்தின் படமும் இருந்தன. அத்தனை மரங்களைத் தாங்காமல் கிறகரியின் அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டது. இனி எதையும் அனுப்பவும் ஏலாது, பெறவும் ஏலாது என்று திரை அறிவித்தது.

"நாலு மணிக்குள்ள கிடைச்சாலும் அனுப்ப வழியில்லையே பிள்ளை!"

"பழசுகளைக் களஞ்சியத்துக்கு அனுப்புங்கோ அண்ணா. இடம் வரும். ஒரு பட்டன்தான்."

ஒரு பட்டன்தான். ஆறு மாதத்துக்கு முந்திய அத்தனை மடல்களும் வரிசையில் எழும்பி வேறொரு கோப்புக்குள் போயின. பெட்டி காற்றாடியது. தேடிக்கொண்டிருந்த மடலும் அந்த வரிசையில் போயிருக்கும் என்பது கடைசி மடலும் போன பிறகுதான் இருவருக்கும் விளங்கியது. களஞ்சியத்துக்கு அட்டவணை கிடையாது. அங்கே தேடினால் மென்பொருள் வயதான தபால்காரரைப் போல ஒவ்வொரு மடலாகத் திறந்து வாசித்துப் பார்க்கும்.

"அப்ப அது ஒழுங்கா வாசிக்கும்" என்றார் கிறகரி. அன்று அவர் சொன்ன ஒரே புத்தியான வார்த்தை அது.

ஆனால் எந்தச் சொல்லைத் தேடுவது? தலைப்பை வைத்துத் தேடலாம் என்றால், அந்தக் கந்தோரில் யாரும் புது மடல் தொடங்குவதில்லை. மேலே எந்த மடல் கிடக்கிறதோ அதற்குப் பதில் போட்டு, அதற்குள் சொல்ல வந்ததைச் சொல்வார்கள். கழிப்பறைத் திட்டம் முழுவதும் "பிறந்தநாள் கேக்" என்ற தலைப்பில்தான் நடந்து முடிந்தது.

"முகாமையாளர் தமிழிலதானே எழுதுறவர்?" என்றாள் ஜெனிஸ்ரா. "தமிழில தேடிப் பாருங்கோவன்."

கிறகரி தமிழில் "கிணறு" என்று தட்டினார். மென்பொருள் ஒவ்வொரு மடலாக வாசித்தது. சனூன் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். கிறகரி சோறு சாப்பிடவில்லை. கடைசியில் பதில் வந்தது: முடிவுகள் எதுவும் இல்லை.

"அவர் கிணறு எண்டு எழுதாமலா கிணறு வெட்டச் சொன்னவர்!" கிறகரி மேசையில் குத்தினார்.

மூன்றரை ஆகிவிட்டது. கொழும்பிலிருந்து டிலானி, தலைமைக் கந்தோரில் ஆவணங்களுக்குப் பொறுப்பானவள், இரண்டு தடவை போன் எடுத்துவிட்டாள். கிறகரி மன்னிப்புக் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மடல் எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கடைசியாக ஒரு முறை தேடிவிடுவோம் என்று பழைய பழக்கத்தில் விரல்களை ஓடவிட்டார். கிணறு. நிமிர்ந்து பார்த்தபோது தேடல் பெட்டியில் எஃப், பி, இஸட், டபிள்யூ என்று நின்றது. மன்னிப்புக்காக ஆங்கிலத்துக்கு மாற்றிய விசைப்பலகையைத் தமிழுக்குத் திருப்ப மறந்திருந்தார்.

"சீ, சனியன்" என்று அழிக்கப் போனார்.

ஒரு மடல் வந்து விழுந்தது.

தலைப்பு: "குளிர்சாதனப் பெட்டியில் நாறும் கருவாடு யாருடையது?" உள்ளே ஆங்கில எழுத்துகள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து, நடுவே அரைப்புள்ளிகளோடு, எவருக்கும் விளங்காத ஒரு பாஷை.

ஜெனிஸ்ரா கதிரையோடு உருண்டு வந்தாள். "அண்ணா! இது பாமினி!"

பாமினி எழுத்துருவில் தமிழ் என்பது ஒரு சட்டைதான். கணினியின் வயிற்றுக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள். எஃப் என்ற எழுத்துக்கு 'க' என்று சட்டை போட்டால் நாம் 'க' என்று வாசிப்போம். சட்டையைக் கழற்றினால் எஃப் மறுபடி எஃப். மூன்று வருடத்துக்கு முன் முகாமையாளர் 'கிணறு' என்று எழுதியபோது கணினி எழுதி வைத்துக்கொண்டது எஃப், பி, இஸட், டபிள்யூ. கிறகரியின் புதுத் தமிழைக் கணினி அந்தப் பழைய தமிழுக்குள் தேடியது, ஒரு பாஷையை இன்னொரு பாஷைக்குள் தேடுவதுபோல. விரல்கள் மட்டும் இரண்டுக்கும் ஒரே விசைகளைத்தான் தட்டின. தமிழை மறந்து தட்டியபோதுதான் தமிழ் கிடைத்தது.

ஜெனிஸ்ரா சட்டையைப் போட்டுவிட்டாள். மடல் தமிழில் எழுந்து நின்றது:

"கருவாடு என்னுடையது அல்ல. கொண்டச்சியில் உப்பு வந்த இடத்தில் கிணறு வேண்டாம். கிழக்கே சனங்கள் காட்டும் இடத்தில் வெட்டலாம். இதனால் அனுமதிக்கிறேன்."

கிறகரி எழும்பி நின்றார். கண் கலங்கியது. கருவாட்டோடு சேர்த்து அப்படியே கொழும்புக்கு அனுப்பினார். நான்கு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"உங்கட கிணத்தைக் காப்பாத்திப்போட்டன் நானா."

"அல்லா உங்களுக்கு நற்கூலி தரட்டும் சேர். அப்ப எங்கட மோட்டர்க் காகிதம்?"

"அது வேற எண்டு காலமையே சொன்னனெல்லோ! கொழும்பு அனுப்பினாத்தான். அடுத்த கிழமை வாங்கோ."

"அடுத்த கிழமை லைன் ஆக்கள் இரிக்க மாட்டாங்களே சேர்."

"நான் என்ன செய்ய நானா? கொழும்புக்காரரின்ர வேகம் அது. நாங்கள் கேட்டா மாசக்கணக்கு. அவையள் கேட்டா நாலு மணி."

போன் அடித்தது. டிலானி. இந்த வெற்றியை எல்லோரும் கேட்கட்டும் என்று கிறகரி ஒலிபெருக்கிப் பட்டனை அமத்தி, போனை மேசை நடுவில் வைத்தார்.

"கிடைச்சுது கிறகரி அண்ணா, பெரிய உதவி! எங்களிட்ட இருந்த கொப்பியையும் காணேல்லை. இயக்குநர் காலமை தொடக்கம் என்னைப் போட்டு வறுத்தெடுத்துப்போட்டார்."

"நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் தங்கச்சி. சாப்பிடவுமில்லை. அதுசரி, ஆருக்கு இவ்வளவு அவசரம்? அந்த மனிசனுக்கு நான் ஒரு கடிதம் எழுதவேணும்."

"என்னட்டக் கேட்டது இயக்குநர். அவரிட்டக் கேட்டது வெளிநாட்டு ஒஃபிஸ். அவையளிட்ட எங்கட நிதிப் பிரிவு. நிதிப் பிரிவிட்ட..." கணினி எலியை உருட்டும் சத்தம் கேட்டது. "எக்கச்சக்கமாப் போகுது அண்ணா, ஆளாளுக்கு மேல மேல எழுதியிருக்கினம். தலைப்பு வேற 'நத்தார் வாழ்த்து' எண்டு கிடக்கு. நிண்டுகொள்ளுங்கோ, அடிக்கு வந்திட்டன்."

கிறகரி ஒலிபெருக்கியை நிறுத்தக் கை நீட்டினார். பட்டன் உடனே அகப்படவில்லை.

"'டிலானி, மின்சாரக் கந்தோருக்குக் குடுக்க, கொண்டச்சிக் கிணறு இடம் மாத்தின அனுமதியின்ர கொப்பி ஒண்டு அவசரமா அனுப்பும், சனூன் எண்டொரு மனிசன் கிழமைக்குக் கிழமை வந்து என்ர கதிரையைத் தேய்க்கிறார்' எண்டு எழுதி, கீழ உங்கட பேர் போட்டிருக்கு அண்ணா."