முன்பக்கக் கேமராப் படலம்

வாழ்க அவள். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை என்னும் அரியணையில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வீற்றிருந்து, ஒரு காதில் தொலைபேசியையும் மறு காதில் பல்வலிக்காரர்களின் முனகலையும் தாங்கி, "நாளைக்குப் பதினொன்றரைக்கு வாங்க" என்னும் ஒற்றை மந்திரத்தால் நகரத்துக் கடைவாய்ப் பற்களையெல்லாம் அடக்கி ஆண்ட வீராங்கனை வாழ்க. நாளெல்லாம் வாயால் பிழைத்து, வீடு திரும்பியபின் வாய்க்கு ஓய்வு கொடுத்துக் கையால் வாழ்ந்த பத்துவிரல் நாவினள் வாழ்க. அவள் சேமித்து வைத்திருந்த ஒன்பதாயிரமும் வாழ்க. அது நெடுநாள் வாழப்போவதில்லை.

காப்பியம் என்றால் முதலில் தெய்வ வணக்கம் வேண்டுமாம். விளம்பரப் பலகையின் அடிவாரத்தில் எறும்புச் சாரியெனக் குடியிருந்து, மேலே ஆளுயர எழுத்தில் அள்ளிக் கொடுத்ததையெல்லாம் கீழே கடுகளவு எழுத்தில் பறித்துக்கொள்ளும் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்னும் பெருந்தெய்வமே, உன்னைத் தொழுகிறோம். இருபத்தெட்டு நாளை ஒரு மாதம் என்று உலகை நம்பவைத்து, பன்னிரண்டு மாதமே அறிந்த சூரிய சந்திரரை வெட்கித் தலைகுனியச் செய்து, ஆண்டுக்குப் பதின்மூன்றாம் மாதம் ஒன்றைப் படைத்தவன் நீயல்லவா. கதையை ஒழுங்காக முடிக்க அருள் செய். செய்யாவிட்டாலும் பரவாயில்லை, தொடங்கிவிட்டோம்.

போருக்குக் காரணம் சொல்ல வேண்டும். வீராங்கனைக்கு ஓர் அக்கா உண்டு. பிறவியிலேயே காது கேளாதவள். ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஓர் அச்சகத்தில் பக்கங்களை வடிவமைப்பவள். ஒரு முற்றுப்புள்ளி மயிரிழை நகர்ந்தாலும் பொறுக்காதவள். தங்கை முதன்முதலில் பேசக் கற்றது அக்காவின் சைகை மொழியில்தான், வாய்ப்பேச்சு பிறகு வந்து சேர்ந்தது. அன்றாடம் மாலை ஏழரை மணிக்கு இருவரும் வீடியோவில் முகம் பார்த்து ஒரு மணி நேரம் கையால் பேசுவார்கள், கையால் வம்பளப்பார்கள், தேவைப்பட்டால் கையாலேயே சண்டையும் போடுவார்கள்.

அப்படிப் போட்ட சண்டை ஒன்றின் நடுவில்தான் விதி மூக்கை நுழைத்தது. "உன் கை இப்பல்லாம் முணுமுணுக்குது. பாதி விரலை மடக்கிக்கிட்டே பேசற. காது கேக்கறவங்களோடயே இருந்து கை சோம்பேறியாயிடுச்சு" என்றாள் அக்கா. சைகையில் பிறந்து வளர்ந்தவளிடம் இதைச் சொல்வது, பாட்டுக்காரியிடம் உனக்குச் சுருதி சேரவில்லை என்பதற்குச் சமம். வீராங்கனை வெகுண்டாள். கயல்விழி சிவந்தது, வில்புருவம் நெரிந்தது, வலக்கை வானோக்கி எழுந்து "நீ மட்டும்" என்று தொடங்கியது. அந்தக் கணத்தில், ஆறாண்டுகள் உழைத்து, மாடிப்படியில் மூன்று முறை உருண்டும் எழுந்து, வயிறு உப்பிய பேட்டரியோடும் பணியைக் கைவிடாத பழைய போன் வீரமரணம் எய்தியது.

கையால் பேசுகிறவர்களுக்குள் பேச்சின் நடுவே முகத்தைத் திருப்பிக்கொள்வது, கதவை முகத்தில் அறைந்து சாத்துவது போல. அக்கா கண்டது "நீ மட்டும்" என்ற இரண்டு சொல்லும், அதன்பின் கறுத்த திரையும்தான். கேமரா இல்லாத மருத்துவமனைக் கணினியிலிருந்து தங்கை எழுதினாள்: "போன் செத்துப்போச்சு. நான் வைக்கல." பதில் வந்தது: "சரி." மறுநாள் நாலு வரி எழுதினாள். அதற்கும் "சரி." உடன் வேலை செய்பவளின் போனில் வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தாள், தெரியாத எண்ணென்று அக்கா எடுக்கவில்லை. இப்படியே பத்து நாள் ஓடிற்று. முகத்தோடு முகம் பார்த்தால் ஒழிய இந்தப் பிணக்கு தீராது என்று தங்கைக்குத் தெரிந்துபோயிற்று.

வீராங்கனை போருக்கு எழுந்தாள். எழுமுன் ஓர் அமைச்சர் வேண்டுமே. மருத்துவமனைக் கணக்கர், துடைப்பம் வாங்குவதானாலும் நாற்பது பேர் கருத்தைப் படித்த பிறகே வாங்குகிறவர், அதனால் 'அலசல் அண்ணன்' என்று ஊழியர் அனைவராலும் போற்றப்படுகிறவர், கேட்காமலே அப்பதவியை ஏற்றார். இரண்டு நாள் மருத்துவமனைக் கணக்கைப் பட்டினி போட்டு, பதினேழு கைபேசிகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றின் உள்ளுறுப்பையும் ஒன்பது கட்டங்களில் அறுத்து ஆராய்ந்து, திருமண ஓலைபோல் மடித்த அட்டவணை ஒன்றை அவள் முன் விரித்தார்.

"ரேம்தான்மா முக்கியம். மத்ததெல்லாம் சும்மா" என்று பறைசாற்றினார்.

"முன்பக்கக் கேமராவுல விரல் அஞ்சும் தனித்தனியா தெரியுமாண்ணா?" என்று அவள் கேட்டாள்.

அண்ணன் அட்டவணையை மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் துழாவினார். "அதுக்கு யாருமே மார்க் போடலையேம்மா" என்றார். உலகத்து அறிஞரெல்லாம் கூடி அளந்த ஒன்பது கட்டங்களில் மனிதனின் கைக்கு ஒரு கட்டம் இல்லை.

பதினோராம் நாள் அரைநாள் விடுப்பு என்னும் கவசம் பூண்டு, கைப்பையின் உள்ளறையில் ஒன்பதாயிரத்தை ஒளித்து, வீராங்கனை கைபேசிக் கோட்டையுள் புகுந்தாள். கண்ணாடி வாயில் தானே திறந்தது. உள்ளே குளிர்காற்று பனிமலைபோல் வீச, சுருள்கம்பியால் மேசையோடு பிணைக்கப்பட்ட கைபேசிகள் தோற்ற நாட்டு இளவரசர்கள்போல் மல்லாந்து கிடந்தன. கழுத்தில் டையும் முகத்தில் புன்னகையும் அணிந்த விற்பனையாளர் எதிர்கொண்டார். "எவ்வளவுக்குள்ள பார்க்கறீங்க மேடம்?" என்றார். "போனுக்கு எட்டாயிரத்து அஞ்சூறு வரைக்கும்" என்றாள். புன்னகை அங்கேயே பாதி விலைக்கு இறங்கிவிட்டது. பளிங்கு மேசைகளையெல்லாம் கடந்து, குடை விற்கும் மூலைக்கு முந்தைய மூலைக்கு அவளை அழைத்துச் சென்றார்.

முதற்போரில் எதிர்ப்பட்டவன் நாற்கண்ணன். முதுகில் நான்கு கேமராக்களைத் தாங்கி, அவற்றுள் இரண்டு வெறும் அலங்காரத்துக்கே என்ற உண்மையை மறைத்து, ஐம்பது மெகாபிக்சல் என்னும் பட்டயத்தை மார்பில் ஒட்டிக்கொண்டு நின்றான். வீராங்கனை அவனை முகத்துக்கு நேரே நிறுத்தி, பதிவுப் பொத்தானை அழுத்தி, பத்து நாளாகத் தொண்டையில் அல்ல, மணிக்கட்டில் தேங்கி நின்ற வாக்கியத்தை வீசினாள்: "நீ மட்டும் ஒழுங்கா பேசறியா?" ஓட்டிப் பார்த்தால் கை இருந்த இடத்தில் கஞ்சி இருந்தது. நாற்கண்ணனின் வீரமெல்லாம் முதுகில்தான்; முகத்தில் அவன் அரைக்குருடன்.

விற்பனையாளருக்கு அவள் கையசைவு புரியவில்லை, கோபமென்று எண்ணிக்கொண்டார். ஆறுதலாக, "மேடம், இதுல ஸ்பீக்கர் பிரமாதம். யாருக்காவது கூப்பிட்டுப் பேசிப் பாருங்களேன்" என்றார்.

"நான் பேசறது எங்க அக்காகிட்ட மட்டும்தான். அவங்களுக்குக் காது கேட்காது."

"சத்தத்தைக் கூட்டி வைக்கலாம் மேடம்."

வீரத்தில் பல வகை உண்டு. இது அவற்றில் அடங்காதது. வீராங்கனை பகைவன்மேல் இரங்கி, அடுத்த போனை எடுத்தாள்.

இரண்டாமவள் மோகினி. ரோஜா நிறத்தாள், மெல்லிடையாள், திரையெங்கும் தேன்வழிய நகைப்பவள். விரல் அனைத்தும் தெளிவாகத்தான் தெரிந்தன. ஆனால் விரலை உற்றுக் கவனிக்குமுன் முகத்தைப் பார்த்த வீராங்கனை திடுக்கிட்டாள். நெற்றி வழவழத்திருந்தது, கன்னம் மாவுப் பொம்மைபோல் இருந்தது, நெரித்த புருவம் இருந்த இடத்தில் நெரிப்பே இல்லை. சைகை மொழியில் புருவம்தான் கேள்விக்குறி, புருவம்தான் அதட்டல், பாதி இலக்கணம் முகத்தில்தான் குடியிருக்கிறது. மோகினிக்குள் உறைந்த அழகூட்டி என்னும் மாயம், சுருக்கத்தைத் துடைக்கும் சாக்கில் அவள் கோபத்தையும் துடைத்துவிட்டது. "நீ மட்டும் ஒழுங்கா பேசறியா?" என்று கேட்டவள், "நீ மட்டும் ஒழுங்காப் பேசுகிறாய்" என்று பாராட்டுப் பத்திரம் வாசித்ததுபோல் நின்றாள்.

"இதை நிறுத்த முடியாதா?"

"எதுக்கு மேடம் நிறுத்தணும்? பத்து வயசு குறைஞ்சு தெரியறீங்க" என்றார் விற்பனையாளர். எங்கெங்கோ தேடி அமைப்புகளை நோண்டினார். வீடியோ அழைப்பில் அதை நிறுத்த வழியே இல்லை என்று தெரிந்தது. மோகினியும் வீழ்ந்தாள்.

இதன்பின் வந்த சில்லறைப் பகைவரை விரித்துரைக்க ஏடு போதாது. ஒருவன் கையைக் காட்டினால் முகத்தை மறந்தான், ஒருவன் இருட்டில் தலைகாட்டவே அஞ்சினான், ஒருவன் எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்று சொல்லி எட்டாதவனானான். மணி ஐந்தாயிற்று. வீராங்கனையின் மணிக்கட்டு வலித்தது. கடை ஊழியர் நால்வர் தொலைவில் நின்று, இவள் நாட்டியம் பயின்றவளா அல்லது மாந்திரீகம் பயின்றவளா என்று வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

அப்போது, குடைகளுக்குப் பக்கத்தில், போன வருடத்து மாடல் என்பதற்காகச் சாதி விலக்கம் செய்யப்பட்டதுபோல் தனியே கிடந்த ஒன்று அவள் கண்ணில் பட்டது. பருமன் சோப்புக்கட்டி அளவு, நிறம் கத்தரிக்காய் நிறம், முதுகில் ஒரு கீறல், காட்சிக்கு வைத்ததென்று ஒரு சீட்டு, விலை எட்டாயிரத்து முந்நூற்றைம்பது. "அது வேணாம் மேடம், யாரும் வாங்க மாட்டாங்க" என்று விற்பனையாளரே பரிந்துரைத்தார். வீராங்கனை அதை எடுத்து நிறுத்தி, நூறாவது முறையாக அதே வாக்கியத்தைக் கையால் வீசி, ஓட்டிப் பார்த்தாள்.

எல்லாம் தெரிந்தது. புருவத்தின் முடிச்சு தெரிந்தது, கண்ணோரத்துச் சுருக்கம் தெரிந்தது, நகத்தில் உரிந்த சாயம் தெரிந்தது. விரல்கள் ஐந்தும் ஐந்தாகவே தெரிந்தன. அதனால்தான் இன்னொன்றும் தெரிந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியில் மடங்கியே கிடந்தன. "ஒழுங்கா" என்ற சொல்லில் முழுதாக விரிய வேண்டிய கை, சோம்பல் முறிக்கும் பூனைபோல் அரைகுறையாய் விரிந்து அடங்கியது. இரண்டாம் முறை ஓட்டினாள். மூன்றாம் முறை ஓட்டினாள். கை முணுமுணுத்தது. அக்கா சொன்னதில் மயிரிழை பிசகில்லை.

பதினோரு நாளாகக் கூர்தீட்டிய வாக்கியம் கையில் இருக்க, வெட்டுவதற்குப் பகைவன் இல்லாமல் போனான். வீராங்கனைக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அக்காவை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஆனால் கோட்டையைவிட்டு வெளியேறச் சேவைத் திட்டம் என்னும் கடைசி அகழி ஒன்று இருந்தது. பழைய திட்டம் நாள் முடிந்து பழைய போனோடு உடன்கட்டை ஏறிவிட்டிருந்தது. விற்பனையாளர் பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று திட்டங்களை அடுக்கினார். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு உலோகம் மிச்சமில்லாததால் 'ஸ்மார்ட்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அனைத்திலும் அளவற்ற பேச்சு, அளந்த டேட்டா. நாளொன்றுக்கு ஒரு ஜிபி தீர்ந்தால் வேகம் நத்தையாகும். கை நடுவானில் சிலையாகும். இன்னொரு "நீ மட்டும்" இன்னொரு கறுத்த திரையில் முடியும்.

"எனக்குப் பேச்சு வேணாம். டேட்டா மட்டும் போதும். முழு மாசத்துக்கு" என்று வீராங்கனை அறைகூவினாள்.

"பேச்சு இல்லாம போன் எதுக்கு மேடம்?" என்றார் அவர். இது கேலி அல்ல, உண்மையான திகைப்பு. மேலாளர் வந்தார், கணினி தட்டப்பட்டது, சிற்றெழுத்துத் தெய்வத்தின் கருவறைவரை தேடப்பட்டது. ஏழாம் பக்கத்தின் அடியில், முப்பது நாளுக்கு ஐம்பது ஜிபி, பேச்சு கிடையாது என்று ஒரு திட்டம் வெளிச்சம் காணாமல் கிடந்தது. "இதை யாரும் கேட்டதே இல்ல" என்றார் மேலாளர். "காலர் டியூன் வேணும்னா இலவசமா போட்டுத் தரலாம்" என்று விற்பனையாளர் கடைசி அம்பை எய்தார். அதுவும் குறி தவறியது. பழைய எண் புதிய போனில் ஏறியது. வீராங்கனை பேருந்துக்குச் சில்லறை மிஞ்ச, வாகை சூடி வெளியேறினாள்.

ஏழரை மணி. சுவரோரம் விளக்கை இழுத்து வைத்து, கத்தரிக்காய் நிறத்தானை மாவு டப்பாமேல் சாய்த்து நிறுத்தி, பத்து விரலையும் பலமுறை நீட்டி மடக்கிப் பதம்பார்த்து, இதயம் போர்முரசென அதிர, அவள் அக்காவை அழைத்தாள். ஒரு முறை ஒளிர்ந்தது, இருமுறை ஒளிர்ந்தது, ஏழாம் முறையும் ஒளிர்ந்தது. எடுக்கமாட்டாள் என்று கண் கலங்கிய நேரத்தில், திரை விரிந்து, முழங்கைவரை நுரையோடு அக்கா தோன்றினாள். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. தங்கை எழுந்து நின்று, விரலொன்றும் மடங்காமல், பள்ளிக்கூடத்தில் முதற்பாடம் ஒப்பிப்பவள்போல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நீ சொன்னது உண்மை. என் கை முணுமுணுக்குது. நான் முகத்தைத் திருப்பல. போன்தான் செத்துப்போச்சு. பதினோரு நாளா உன்னைப் பார்க்காம இருக்க முடியல." ஈரேழு உலகமும் மூச்சடக்கிக் காத்திருக்க, தேவர்கள் பூமாரியைக் கையில் அள்ளிக்கொண்டு ஆயத்தமாய் நிற்க, அக்கா சொட்டும் நுரையோடு இரு கையையும் உயர்த்தினாள்.

"இரு, பாத்திரம் தேய்ச்சுட்டிருந்தேன், கையைக் கழுவிட்டு வரேன்" என்றாள்.