மெயினை அணைத்தும் சுற்றிய சக்கரம்

ஒரு வீட்டில் கரண்ட் பில் அதிகமாக வந்தால் முதலில் கெட்டுப்போவது அந்த வீட்டு ஆம்பிளையின் புத்திதான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையை ஒட்டிய சந்தில், ஓட்டு வீட்டில் குடியிருந்தபோது, சொந்தப் புத்தியைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு முப்பது வயசு இருக்கும். கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. கூச்ச சுபாவம். (சாதாரணக் கூச்சம் இல்லை. கே.ஜி.கண்டிகையில் இறங்க வேண்டியவன், கண்டக்டரைக் கூப்பிட வெட்கப்பட்டு ஆர்.கே.பேட்டை வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.) வாடிக்கையாளர் எந்த விலை கேட்டாலும் மறுத்துப் பேச வராததால் முதலாளி என்னைத் தராசுப் பக்கம் நிறுத்தியிருந்தார். தராசு எதிர்த்துப் பேசாது.

வீட்டில் மனைவி சரோஜா, கைக்குழந்தையாக எங்கள் பெண், வேலை தேடிக்கொண்டு எங்களோடு தங்கியிருந்த மச்சான் முனிரத்தினம். அவர்கள் குடும்பத்தில் தெலுங்குப் பழக்கம் உண்டு. அதனால் அக்கா புருஷனான நான் அவனுக்கு 'பாவா'.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் வடிந்து, புரட்டாசியும் பிறந்த பிறகு ரீடிங் எடுக்க ஒருவர் வந்தார். மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வூட்ல மில்லு ஏதாச்சும் ஓட்டறீங்களா?" என்றார்.

அந்தத் தொகையை எழுதினால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்றைக்கு அது சரோஜாவின் தீபாவளிப் புடவை. அவளும் அதைத்தான் கேட்டாள்.

"அப்போ என் பொடவ அந்தப் பொட்டிக்குள்ள போயிடுச்சா?"

அந்தக் கணமே நான் துப்பறியத் தொடங்கினேன். முதல் சந்தேகம் மச்சானின் ரேடியோ மேல். எந்நேரமும் அதைக் காதில் வைத்தபடியே திரிவான்.

"இதாலதான்" என்றேன்.

"பாவா, இது பேட்டரில ஓடிகினு இருக்குது" என்றான்.

இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தேன். அது கரியில் சூடாவது. மின்விசிறி இருந்தது, ஆனால் அதன் வேகத்துக்கு அது கரண்டைத் தின்றது என்றால் அதற்கே அவமானம். மிச்சம் இரண்டு பல்புகள். வேறு குற்றவாளி கிடைக்காததால் அவற்றைத் தண்டித்தேன். பொழுது சாய்ந்தாலும் விளக்குப் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. அரையிருட்டில் சாப்பிட்டோம். என் தட்டு என்று நினைத்து சரோஜா நெய்யையெல்லாம் தம்பி தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரத்தில் அவனுக்குக் கன்னம் உப்பியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். (நான் துப்பறிந்து உருப்படியாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.)

மீட்டர் வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் கைகட்டி நின்று உள்ளே சுற்றும் சக்கரத்தையே பார்ப்பேன். ஒருநாள் சித்தூர்ப் பக்கத்து யாத்திரிகர் ஒருவர், மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் சந்துக்குள் வந்தவர், நான் நிற்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றி விட்டுப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே சாமி இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் கும்பிட்டுவிட்டே போனார்.

"இன்னா பாவா, நாளைலேர்ந்து கற்பூரமும் காட்டிடலாமா?" என்றான் முனிரத்தினம். பிறகு அவனே ஒரு யோசனையும் சொன்னான். "மெயின அணைச்சுட்டுப் பாருங்க. சக்கரம் நிக்கணும். நிக்கலன்னா எவனோ வெளியேர்ந்து இழுக்கறான்னு அர்த்தம்."

அணைத்தோம். சக்கரம் நிற்கவில்லை. கோயில் பிராகாரம் சுற்றுகிற பெரிய மனுஷர் மாதிரி நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மங்கம்மா இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். எங்கள் பக்கச் சுவரை ஒட்டித் தார்ப்பாய் கட்டி இட்லிக் கடை வைத்திருந்தவள். கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு இட்லி கொண்டுவந்து கொடுப்பாள், காசு வாங்கமாட்டாள். சந்தில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது, அதனால் கொடுக்கிறாள் என்று நான் முடிவு செய்திருந்தேன். அதைச் சொல்லி சரோஜாவிடம் இரண்டொரு முறை பெருமையும் அடித்திருந்தேன். திருட்டுப்போன அதிர்ச்சியிலும் அன்று ஆறு இட்லி சாப்பிட்டேன்.

அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேட்பது என்றால் பேச வேண்டும். அதைவிடப் புகார் கொடுப்பது சுலபமாகப் பட்டது, ஏனென்றால் பேசுவதற்கு முனிரத்தினத்தை அழைத்துப் போகலாம்.

கரண்ட் ஆபீஸில் அவன் பேசினான். "எங்க பாவா வூட்ல திருட்டு நடந்துகினு இருக்குது சார். ஒருத்தன் வேல மாதிரி தெரியல. பெரிய கும்பலு."

நான் பின்னால் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மறுநாள் காலையிலேயே ஓர் அதிகாரியும் ஏணியோடு லைன்மேனும் வந்துவிட்டார்கள். சந்து முழுக்கக் கூடியது. லைன்மேன் மீட்டர் பலகையைப் பார்த்த உடனே சொன்னார்: "சார், மீட்டருக்கு அப்புறம், மெயினுக்கு முன்னாடியே ஒரு வயர் கொக்கி போட்டுகினு போவுது." அந்த வயர் ஓட்டின் மேலே ஏறி, பழைய பந்தல் கயிறுகளோடு சேர்ந்து ஓடி, சுவரைத் தாண்டி இறங்கியது. நாங்கள் எல்லோரும் ஊர்வலமாகப் பின்னால் போனோம். அது முடிந்த இடத்தில் தார்ப்பாய்க்கு அடியில் மங்கம்மாவின் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"திருட்டு லைனா?" என்றார் அதிகாரி. "கிரைண்டர வண்டியில ஏத்துப்பா. ஸ்டேஷனுக்கும் சொல்லணும்."

மங்கம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவுக் கையோடு எழுந்தாள்.

"எவன் நைனா திருடினது? அய்யாதான் குடுத்தாரு. கிருத்திக முடிஞ்சு தண்ணிப் பந்தல் பிரிக்கறப்ப, 'அய்யா, இந்த லைனு இருக்கட்டுமா, கிரைண்டருக்குப் போட்டுக்கறேன்'னு கேட்டேன். தலைய ஆட்டினாரு. சும்மா வேணாம்னுதான் தெனம் இட்லி குடுத்துகினு இருக்கறேன். நீயே கேளு."

எல்லாம் ஞாபகம் வந்தது. காவடி வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட லைன் வேண்டும் என்று சந்துப் பையன்கள் கேட்டார்கள், தலையாட்டினேன். பந்தல் பிரிக்கிற அன்று தெரு நடுவில் ஒரு பெண்பிள்ளை நிறுத்திப் பேசுகிறாளே, சீக்கிரம் விட்டால் போதும் என்று அவளுக்கும் தலையாட்டிவிட்டு ஓடினேன். என்ன கேட்டாள் என்பதை வீடு சேர்வதற்குள் மறந்துவிட்டேன். பொதுவாக நான் தலையாட்டிய விஷயங்கள் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொண்டால் மறுபடி போய் மறுக்க வேண்டி வரும்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க குடுத்தீங்களா?"

தலையாட்டினேன்.

"தல ஆட்றது வேணாம் சார். ஆமான்னா எதுக்குப் புகார் குடுத்தீங்க? நீங்க குடுக்கலன்னா அந்தம்மா மேல திருட்டுக் கேசு. ஒரு வார்த்தையில சொல்லுங்க."

தெருவே என்னைப் பார்த்தது. 'இல்லை' என்று முணுமுணுத்தால் போதும், என் மானம் தப்பிவிடும். யார் வந்து சாட்சி சொல்லப் போகிறார்கள்? தலையாட்டலுக்கு ஏது சாட்சி? மங்கம்மா கெஞ்சவில்லை. ஒரு கையைக் கிரைண்டர் மேல் வைத்துக்கொண்டு, நான் சொல்லப் போவது இன்னது என்று தெரிந்தவள் மாதிரி நின்றாள். கல்லில் மாவு பாதி அரைந்து கிடந்தது.

"நான்தாங்க குடுத்தேன்" என்றேன்.

அது எப்படி அவ்வளவு சத்தமாக வந்தது என்று தெரியவில்லை. பல வருஷத்துச் சத்தம் ஒரேயடியாக வந்துவிட்டது போலிருந்தது. லைன்மேன் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கிரைண்டர் ஓட்டிக்கச் சொன்னதும் நான்தான். மறந்துட்டு புகார் குடுத்ததும் நான்தான். அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "உங்க மச்சான் கும்பல்னு சொன்னாரே, அது யாரு? நீங்களும் உங்க தலையுமா?" என்றார். இப்படி லைன் கொடுப்பதே குற்றம் என்று என்னை நன்றாகக் கடிந்துகொண்டு, வயரை அறுத்துச் சுருட்டச் சொல்லி, கேஸ் இல்லாமல் போய்விட்டார்.

மங்கம்மா நன்றியெல்லாம் சொல்லவில்லை. "இப்ப இந்த மாவ உங்க தலையாலயா அரைக்கறது?" என்று கேட்டாள். அன்று இட்லி கிடைக்காத சந்து மொத்தமும் என்னை முறைத்தது. சரோஜாதான் எங்கள் ஆட்டுக்கல்லை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். ஆட்டுவதற்கு என்னையும் உட்கார வைத்தாள்.

"இவ்ளோ பெரிய குரல இத்தன நாளா எங்க வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். புடவையைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வாரமே மங்கம்மாவை அழைத்துப் போய் அவள் பேரில் தனி மீட்டருக்கு ஏற்பாடு செய்தாள். அதன் பிறகு எங்களுக்கும் இட்லி காசுக்குத்தான்.

போன தையில் எங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எல்லாம் பேசி முடித்து, மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்து, "அப்போ சம்பந்திக்குச் சம்மதந்தானே?" என்றார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அவர் தாம்பூலத் தட்டை மாற்றக் கையில் எடுத்துவிட்டார். சரோஜா குறுக்கே கையை நீட்டினாள்.

"அத நம்பாதீங்க சம்பந்தி. அவரு வாயால சொல்லட்டும்."

வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். முனிரத்தினம் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆதியிலிருந்து கதையை ஆரம்பித்தான். அவன் நெய்யை மட்டும் விட்டுவிட்டான். நான் எழுந்து நின்று, உள்ளே பெண் காதில் விழுகிற மாதிரி, "எனக்குச் சம்மதம்" என்றேன்.